பாங்காக்கில் நான்கு நாள்: கைடு எங்கே வேண்டும், எங்கே வேண்டாம்

நீங்கள் கேட்டது இது: வயதான அப்பா அம்மாவை அழைத்துக்கொண்டு நான்கு நாள் பாங்காக் போகிறீர்கள். சென்னையில் ஒரு டிராவல்ஸ்காரர் 'பாங்காக் – பட்டாயா' பேக்கேஜ் தருகிறார். அதில் பணம் கட்டிவிடலாமா, நாமே போய்ப் பார்த்துக்கொள்ளலாமா, கைடு அவசியமா? அம்மாவுக்கு முழங்கால் வலி, அப்பா சுத்த சைவம் என்றும் எழுதியிருந்தீர்கள்.

நான்கு நாளில் ஒரே ஒரு நாளுக்கு நல்ல கைடு வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாள் முழுக்க கிராண்ட் பேலஸ் என்கிற அரண்மனைக்கும் அதை ஒட்டிய பழைய நகரத்துக்கும் போகட்டும். மற்ற நாட்களுக்குப் படகும் ரயிலும் டாக்ஸியும் போதும். பட்டாயாவை இந்தத் தடவை விட்டுவிடுங்கள்.

ஏன் என்று சொல்கிறேன். பட்டாயா பாங்காக்கிலிருந்து ஏறக்குறைய 150 கிலோமீட்டர். போக இரண்டு மணி நேரத்துக்கு மேல், வரவும் அதே அளவு. அங்கே பவளத் தீவுக்கு வேகப்படகு, இரவில் ஒரு மேடை நிகழ்ச்சி. திரும்பி வந்தால் சஃபாரி பார்க் ஒரு நாளை விழுங்கிவிடும். பாங்காக்குக்கு மிஞ்சுவது அரை நாள் 'சிட்டி டூர்' மட்டும். அதிலும் பெரும்பாலும் தங்க புத்தர் கோயில், பளிங்குக் கோயில் என்று இரண்டைக் காட்டிவிட்டு, ஒரு பெரிய ரத்தினக்கல் கடையில் கொண்டுபோய் விடுவார்கள். கோயிலில் இருந்ததைவிடக் கடையில் அதிக நேரம் இருந்தோம் என்று வருத்தப்படாதவர்கள் குறைவு. அரண்மனை இந்தப் பட்டியலில் பல சமயம் இருக்காது, அல்லது 'விருப்பமுள்ளவர்கள் தனியாகப் பணம் கட்டலாம்' என்று அடியில் எழுதியிருக்கும். வெளிநாட்டவருக்கு அங்கே ஆளுக்கு 500 பாத் டிக்கெட். கடையில் நிறுத்தினால் கமிஷன் வரும், அரண்மனைக்குப் போனால் செலவு வரும். குறைந்த விலை பேக்கேஜ் இப்படித்தான் கட்டுப்படியாகிறது.

அதற்காக பேக்கேஜே கூடாது என்று சொல்லவில்லை. முதல் வெளிநாட்டுப் பயணம், ஆங்கிலம் பேசத் தயக்கம், ராத்திரி சாப்பாட்டுக்குச் சாதம் ரசம் இல்லாமல் முடியாது என்றால் அது பெரிய துணை. அப்படிப் போவதானால் பாங்காக் மட்டும் என்று மாற்றித் தரச் சொல்லுங்கள். பணம் கட்டுவதற்கு முன் மூன்று விஷயத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: அரண்மனை டிக்கெட் சேர்ந்ததா, எந்தெந்தக் கடையில் எவ்வளவு நேரம் நிறுத்துவீர்கள், கோயிலுக்குள் கூட வந்து விளக்குபவர் யார்.

இந்த மூன்றாவதுதான் முக்கியம். தாய்லாந்தில் சுற்றுலா வழிகாட்டி வேலை அந்நாட்டுக் குடிமக்களுக்கு மட்டுமே. உரிமம் வாங்கிய தாய் நாட்டவர்தான் செய்யலாம். அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டியிருப்பார். 'தமிழ் பேசும் கைடு' என்று விளம்பரத்தில் வருபவர் பெரும்பாலும் சென்னையிலிருந்து கூட வரும் டூர் மேனேஜர்தான். சாப்பாடு, அறை, விமானம் எல்லாம் அவர் நன்றாகவே பார்த்துக்கொள்வார். ஆனால் அரண்மனைக்குள் நின்று விளக்க அவருக்கு அனுமதி இல்லை. ஆகவே உங்கள் ஒரு நாளுக்கு ஆங்கிலம் நன்றாகப் பேசும் உரிமம் பெற்ற தாய் கைடு ஒருவரை நேரடியாக அமர்த்திக்கொண்டு, நீங்கள் பக்கத்திலேயே நின்று அப்பா அம்மாவுக்குத் தமிழில் சொல்வதுதான் சரியான வழி. தனிக் கைடுகள் தலைக்கு இவ்வளவு என்று கேட்காமல் குழுவுக்கு இவ்வளவு என்றே பெரும்பாலும் கேட்பார்கள். நாலு பேர் போனால் கட்டுப்படியாகும். கடைக்குக் கூட்டிப்போகக் கூடாது என்பதை முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள்.

சரி, அந்த நாளை எப்படி நடத்துவது?

அரண்மனை காலை 8.30க்குத் திறக்கும், டிக்கெட் பிற்பகல் 3.30 வரை. எட்டே காலுக்கெல்லாம் வாசலில் இருங்கள். பத்து மணிக்கு மேல் பெரிய பஸ்கள் வந்து குவிந்துவிடும். வெயிலும் தரையில் பட்டுக் கண்ணைக் கூசும். அரச சடங்கு நடக்கும் நாட்களில் சில பகுதிகளை மூடிவிடுவார்கள், அதனால் முந்தின நாள் அரண்மனையின் அதிகாரப்பூர்வத் தளத்தைப் பார்த்துவிடுங்கள். உடை விஷயத்தில் கண்டிப்பு அதிகம். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். புடவை, சுடிதார், முழுக்கால் பேன்ட் எல்லாம் பிரச்சினையில்லை. கையில்லாத சட்டையை மேலே துண்டு போர்த்திச் சமாளிக்கலாம் என்று நம்பிப் போகாதீர்கள். கழற்றி மாட்ட எளிதான செருப்பாகப் போடுங்கள், நாள் முழுக்க அந்த வேலைதான்.

வாசலுக்கு வெளியே பளிச்சென்று உடுத்திய ஒருவர் வந்து, "இன்றைக்கு அரண்மனை மூடியிருக்கிறது, பௌத்த விசேஷம், மத்தியானம்தான் திறப்பார்கள், அதுவரை இருபது பாத்துக்கு டுக்டுக்கில் நாலு கோயில் காட்டுகிறேன்" என்று சொல்லக்கூடும். அந்த டுக்டுக்கும் கடைசியில் ரத்தினக்கல் கடையிலோ தையல்கடையிலோதான் நிற்கும். பல வருடமாக நடக்கும் ஏமாற்று. பதில் சொல்லாமல் டிக்கெட் கவுன்டர் வரை நடந்து போய்ப் பாருங்கள். திறந்துதான் இருக்கும்.

உள்ளே எல்லோரும் மரகத புத்தரை நோக்கி ஓடுவார்கள். முதலாம் ராமா மன்னர் 1782இல் தலைநகரை இங்கே அமைத்தபோது கட்டத் தொடங்கிய அரண்மனை வளாகம் இது; அதற்குள் இருக்கும் வாட் பிரா கேவ் கோயிலில் புத்தர் மிக உயரமான பீடத்தில் வீற்றிருக்கிறார். சிலை 66 சென்டிமீட்டர்தான். பெயர்தான் மரகதம், கல் வேறு, பச்சை நிறக் கல். கோடை, மழை, குளிர் என்று மூன்று காலத்துக்கும் மூன்று உடை. காலம் மாறும்போது மன்னரே வந்து மாற்றுவது மரபு. உள்ளே போட்டோ எடுக்கக் கூடாது. காலை மடக்கிப் பின்பக்கமாக வைத்து உட்கார வேண்டும், பாதம் புத்தரைப் பார்க்கக் கூடாது. முழங்கால் வலி உள்ளவர்கள் பின்னால் ஓரமாக நின்று கும்பிட்டால் யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள்.

ஆனால் நம்மவர்கள் நிதானமாகப் பார்க்க வேண்டியது அதைச் சுற்றியுள்ள மண்டபத்தை. கோயிலின் நான்கு பக்கமும் ஓடும் அந்தச் சுற்றுப்பிராகாரச் சுவரில் ராமாயணம் முழுவதையும் 178 ஓவியங்களாக எழுதி வைத்திருக்கிறார்கள். தாய்லாந்து மொழியில் அது ராமகியன். அதை விரிவாக எழுதுவித்தவரும் அதே முதலாம் ராமாதான். வடக்குப் பக்கம் நடுவில் ஜனகர் உழவில் சீதையைக் கண்டெடுக்கும் இடத்தில் தொடங்கி வலமாக வர வேண்டும். ராமன் பச்சை மேனி, அனுமன் வெள்ளை, நகையும் கோபுரமும் தங்கப்பூச்சு. பத்துத் தலை ராவணனை அங்கே தோட்சகன் என்கிறார்கள். கைடு இல்லாவிட்டால் பத்து நிமிடத்தில் "அழகாக இருக்கிறது" என்று கடந்து போய்விடுவோம். கைடு ஒரு ஓவியத்தின் முன் நிறுத்திக் கதை சொல்ல ஆரம்பித்தால் அங்கே ஒரு மணி நேரம் போதாது.

ஒன்றை மட்டும் தவறவிடாதீர்கள். அனுமன் மலைபோல வளர்ந்து, ராமன் உறங்கும் மண்டபத்தைத் தன் வாய்க்குள் வைத்துக் காவல் காக்கும் ஓவியம். திறந்த வாய், வெள்ளைப் பற்கள், அவற்றுக்கு உள்ளே குட்டியாக ஒரு மண்டபம், சுற்றிலும் வானர சேனை. வால்மீகியிலும் கம்பனிலும் இந்தக் காட்சி கிடையாது. ஆனால் நம் ஊரில் மயில்ராவணன் கதை கேட்டு வளர்ந்தவர்களுக்குச் சட்டென்று புரிந்துவிடும். பாதாளத்திலிருந்து வந்து ராமனைத் தூக்கிப்போகும் அதே மாயக்காரனுக்காகத்தான் இந்தக் காவல். நம் கதையில் அனுமன் வாலைக் கோட்டையாகச் சுற்றி வளைத்துக்கொள்வான், இங்கே வாயையே கோட்டையாக்கிக்கொள்கிறான். ஒரு முறை என்னோடு வந்த வயதான பெரியம்மா ஒருவர், கைடு பேசத் தொடங்கும் முன்பே "இது மயில்ராவணன் வர்ற ராத்திரி" என்று சொல்லிவிட்டார். கைடுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. அதற்கப்புறம் இரண்டு பேரும் மாற்றி மாற்றிக் கதை சொல்ல, நடுவில் நான் மொழிபெயர்த்ததுதான் பாக்கி. கோதாவரிக் கரையும் கிஷ்கிந்தையும் தெரிந்த உங்கள் பெற்றோருக்கு இந்த மண்டபம் மற்ற சுற்றுலாப் பயணிகளுக்குக் கிடைக்காத ஒன்றைக் கொடுக்கும். இதற்காகத்தான் கைடுக்குப் பணம் கொடுக்கச் சொல்கிறேன்.

இன்னொரு விஷயம், டிக்கெட்டைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். அரண்மனை டிக்கெட்டிலேயே சாலா சலெர்ம்க்ருங் அரங்கில் நடக்கும் கோன் முகமூடி நாட்டியத்துக்கும் அனுமதி உண்டு. வார நாட்களில் நடக்கும். ராமகியன் கதையைத்தான் ஆடுவார்கள். சுவரில் பார்த்த அனுமனை அன்றைக்கே குளிர்பதன அரங்கில் உட்கார்ந்து மேடையில் பார்க்கலாம். யுனெஸ்கோ 2018இல் அங்கீகரித்த கலை அது. பெரும்பாலான குழுக்கள் இதை விட்டுவிடுகின்றன. காட்சி நேரத்தை டிக்கெட் வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

மதியத்துக்கு வாட் போ. அரண்மனைக்குத் தெற்கே பக்கத்துக் கோயில்தான், ஆனால் வாசலிலிருந்து வாசலுக்கு வெயிலில் நடக்கத் தூரம், அம்மாவுக்கு டாக்ஸி பிடித்துவிடுங்கள். அங்கே 46 மீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கும் புத்தர். தலைப்பக்கம் கூட்டம் நெரிக்கும், எல்லோரும் அங்கேதான் படம் எடுப்பார்கள். நீங்கள் கால்பக்கம் போங்கள். பாதத்தில் முத்துச்சிப்பி பதித்து 108 மங்கலச் சின்னங்கள். முதுகுப்பக்கமாகத் திரும்பி வரும் வழியில் வரிசையாக 108 வெண்கலக் கிண்ணங்கள். சில்லறைக் காசு வாங்கி ஒவ்வொன்றிலும் ஒன்றாகப் போட்டுக்கொண்டே நடப்பார்கள். அந்த 'ணிங் ணிங்' சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருக்கும். தாய் மசாஜின் தாய்வீடும் இதே கோயில்தான். நரம்பு, புள்ளிகளைக் காட்டும் கல்வெட்டுப் படங்கள் இங்கே உண்டு, பயிற்சிப் பள்ளியும் உண்டு. அம்மாவுக்கு முழு உடல் மசாஜ் வேண்டாம், அது நன்றாக மடக்கி இழுப்பது. கால் மசாஜ் மட்டும் கேளுங்கள், முழங்காலைத் தொடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

எதிர்க்கரையில் வாட் அருண். தா தியென் படகுத்துறையிலிருந்து ஆற்றைக் கடக்கச் சில பாத்துதான். உடைந்த சீனப் பீங்கான் துண்டுகளைப் பூவும் கொடியுமாகப் பதித்த கோபுரம். படிகள் மிகச் செங்குத்து, வயதானவர்கள் ஏறவே வேண்டாம். அடியில் நின்று பீங்கான் வேலையைப் பக்கத்தில் பார்த்தாலே போதும், அழகு அங்கேதான். கைடை இதோடு அனுப்பிவிடலாம்.

இரண்டாம் நாளை இலேசாக வைத்துக்கொள்ளுங்கள். 2019இல் நீட்டிக்கப்பட்ட மெட்ரோ வந்த பிறகு பழைய நகரம் மிகச் சுலபமாகிவிட்டது. சாம் யோட் நிலையத்தில் இறங்கினால் வாட் சுதாத் கோயிலும் அதன் முன்னால் நிற்கும் ராட்சத ஊஞ்சலும் கிட்டத்தில். செக்கச் சிவந்த தேக்குத் தூண்கள். ஊஞ்சலில் ஆடுவது 1935இல் நின்றுபோயிற்று. சிவனுக்காக அரசவைப் பிராமணர்கள் நடத்திய விழா அது. அந்த மார்கழி வழிபாட்டில் திருவெம்பாவையும் திருப்பாவையும் இடம்பெற்றன, தாய்லாந்துக்காரர் நாக்கில் உருமாறிய நிலையில். பக்கத்திலேயே தேவஸ்தான் என்று அந்தப் பிராமணர்களுடைய சிறிய கோயில் இன்றும் இருக்கிறது. சன்னதிகள் எந்நேரமும் திறந்திருக்கும் என்று எண்ணிப் போகாதீர்கள். வெளியே பிரம்மா சன்னதியைக் கும்பிட்டு வரலாம். அப்பாவுக்கு இந்த இடத்தின் கதையைப் போகும் முன்பே சொல்லிவைத்துவிடுங்கள்.

அங்கிருந்து வாட் டிரைமிட். ஐந்தரை டன் தங்க புத்தர். நெடுங்காலம் சுதைப் பூச்சுக்குள் சாதாரணச் சிலையாக இருந்தவர். 1955இல் இடம் மாற்றும்போது பூச்சு உடைந்து உள்ளே இருந்த தங்கம் தெரிந்தது. கதை நன்றாக இருக்கிறது, பார்க்க அரை மணி நேரம் போதும். மாலையில் சிலோம் பகுதியில் உள்ள மாரியம்மன் கோயில். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே குடியேறிய தமிழர்கள் எழுப்பியது. நம் ஊர்க் கோபுரம், கற்பூரம் எல்லாம் அப்படியே. ஆனால் வரிசையில் நிற்பவர்களில் பெரும்பாலோர் தாய் மக்கள். நவராத்திரி சமயம் போகிறீர்கள் என்றால் விஜயதசமி இரவு ஊர்வலத்துக்கு அந்தச் சாலையையே மூடிவிடுவார்கள். அதற்காகவே தேதியை மாற்றினாலும் தகும்.

தங்குமிடத்தையும் இதே சிலோம், சாத்தோன் பக்கம் பாருங்கள். தென்னிந்தியச் சைவ உணவு நடக்கும் தூரத்தில் கிடைக்கும். சஃபான் தக்சின் ஸ்கைட்ரெயின் நிலையத்துக்குக் கீழேயே ஆற்றுப் படகுத்துறை. அங்கே ஆரஞ்சுக் கொடிப் படகில் ஏறுங்கள், ஊர் மக்கள் போகும் படகு அதுதான், கட்டணம் மிகக் குறைவு. கையைப் பிடித்து இழுத்துத் தனிப்படகு பேசுபவர்களைத் தாண்டிப் போய்விடுங்கள்.

மூன்றாம் நாளுக்கு மிதக்கும் சந்தையா அயுத்தயாவா என்று எல்லோரும் கேட்பார்கள். நான் அயுத்தயா என்பேன். தம்னோன் சதுவாக் மிதக்கும் சந்தை நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, இப்போது முழுக்கச் சுற்றுலாவுக்காக நடப்பது, விலையும் அதிகம். கடைகளுக்கு நடுவே ரயில் வரும் மேக்லோங் சந்தை பார்க்கச் சுவாரசியம்தான், ஆனால் ரயில் கடந்துபோவது சில நிமிடம். அயுத்தயா 80 கிலோமீட்டர், 1351 முதல் 1767 வரை தலைநகர். பர்மியப் படை எரித்தழித்த பிறகு அதன் செங்கற்களையே படகில் கொண்டுவந்து பாங்காக் மதிலைக் கட்டினார்கள். அரண்மனையின் பொன்மினுக்கைப் பார்த்த பிறகு இந்த வெறும் செங்கல் கோபுரங்களைப் பார்க்க வேண்டும், வரிசை அப்படி இருக்கட்டும். வாட் மகாதாட்டில் மரவேர்கள் அணைத்துக்கொண்டிருக்கும் புத்தர் தலை முன் படம் எடுப்பதானால் குந்தி உட்கார வேண்டும். நம் தலை அதைவிட உயரக் கூடாது. ரயிலில் போகலாம், கட்டணம் மிகக் குறைவு. பெற்றோருக்காக ஒரு நாள் கார் பேசிக்கொள்வது நல்லது. காலை சீக்கிரம் போய் மூன்று கோயிலை மட்டும் பார்த்துவிட்டு மதியமே திரும்பிவிடுங்கள். நிழல் குறைவு.

நான்காம் நாளுக்கு நான் எதுவும் சொல்லப்போவதில்லை. கடைவீதி, லும்பினி பூங்கா, எராவன் பிரம்மா சன்னதி, ஓய்வு. விமானம் அன்றைக்கு இரவு என்றால் சாலை நெரிசலுக்குத் தாராளமாக நேரம் ஒதுக்குங்கள், அல்லது ஃபயா தாய் நிலையத்திலிருந்து விமான நிலைய ரயில் பிடியுங்கள், சுவர்ணபூமிக்கு அரை மணி நேரம். சில சென்னை விமானங்கள் டான் முவாங் நிலையத்துக்கு வரும். இரண்டும் நகரின் வெவ்வேறு மூலை, டிக்கெட்டில் எது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்பாவின் சாப்பாடு. வெறுமனே 'வெஜிடேரியன்' என்றால் மீன் சாஸும் இறால் விழுதும் சேர்ந்தே வரும், அங்கே அவை உப்புப் போல. 'ஜே' என்று கேளுங்கள். மஞ்சள் பலகையில் சிவப்பு எழுத்தில் இருக்கும் கடைகளில் முட்டை, மீன் எதுவும் கிடையாது, வெங்காயம் பூண்டுகூடச் சேர்க்கமாட்டார்கள். பப்பாளி சாலட்டைத் தெருவில் வாங்கவேண்டாம், காய்ந்த இறாலை அதே உரலில் இடிப்பார்கள். தேங்காய்ப்பால் ஊற்றிய ஒட்டரிசியும் மாம்பழமும் தைரியமாகக் கொடுக்கலாம். ஏப்ரல், மே மாதங்களில் பழம் உச்சத்தில் இருக்கும். ஆனால் அந்த மாதங்களில் வெயில் தாங்காது, பெற்றோருக்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரைதான் சரி.

இந்தியர்களுக்கு 2024 ஜூலையில் 60 நாள் விசா விலக்கு கொடுத்தார்கள். இந்த விதிகள் அடிக்கடி மாறுகின்றன, டிக்கெட் போடும் முன் தூதரகத் தளத்தைப் பாருங்கள். 2025 மே முதல் வருகை அட்டையை ஆன்லைனில் நிரப்ப வேண்டும், போய்ச் சேருவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள். அது இலவசம். பணம் கேட்கும் தளம் எதுவானாலும் போலி. அப்புறம், ரூபாயை அங்கே மாற்றினால் நஷ்டம், ஏடிஎம்மில் ஒவ்வொரு முறையும் 220 பாத் அளவுக்குக் கட்டணம் பிடிப்பார்கள். டாலராகக் கொண்டுபோய் நகருக்குள் மாற்றுங்கள். விமான நிலையத்தில் வரிசையில் நின்று மீட்டர் டாக்ஸிச் சீட்டு எடுத்தால், மீட்டரோடு 50 பாத் கூடுதலும் சுங்கக் கட்டணமும் நீங்கள் தர வேண்டும். அது ஏமாற்று இல்லை, விதி. புத்தர் சிலை வாங்க ஆசைப்பட்டால் கடைக்காரரிடம் ஏற்றுமதி அனுமதி பற்றிக் கேட்டுவிட்டு வாங்குங்கள், கலைத்துறை அனுமதி இல்லாமல் வெளியே கொண்டுவர முடியாத சிலைகள் உண்டு.

அம்மாவுக்குச் சக்கர நாற்காலியை விமான டிக்கெட் போடும்போதே கேட்டுவிடுங்கள். சுவர்ணபூமியில் குடியேற்ற வரிசை வரைக்குமே நடை நீளம்.